பூட்டு உண்டு, சாவி எங்கே?

திண்டுக்கல் என்றதும் தமிழகத்தின் எந்த மூலையிலே உள்ளவருக்கும் நினைவிலே எழுவது பூட்டு. இயந்திரத்தின் வாயிலிருந்து வந்து விழும் பொருளல்ல அது. தொழிலாளியின் கையிலே, அரத்தின் உராய்விலே உருவாவது. அலிகாரிலிருந்து வந்த மலிவுச் சரக்கு அங்காடியைப் பிடித்துக்கொண்டது. பட்டறைகள் பல அடங்கிவிட்டன. எனினும் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது; ஊரின் பெயர் நிலைத்து நிற்கிறது. அந்தப் பட்டறைத் தோழரிடம் சென்று, "எனக்குப் பூட்டு ஒன்று வேண்டும், சாவி வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். "திறக்கவே வேண்டாம் என்றால் பூட்டு எதற்கு ஐயா, சுவர் எழுப்பிக்கொள்ளலாமே!" என்பார்.

அவர் சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. நாம் வாழும் சமுதாயம் இப்படித்தான் சாவியில்லாப் பூட்டுகளைச் செய்துகொண்டே இருக்கிறது. பள்ளியிலே ஒரு மாணவன் இன்னொருவனை அடித்தால், பெற்றோரை அழைத்து அவமானப்படுத்துவது. அதற்கும் அடங்காவிட்டால் டி.சி.யைக் கையிலே கொடுத்து வெளியே அனுப்புவது. தெருவிலே மோதல் என்றால், இருதரப்பிலும் பத்துப் பேர்மீது வழக்கு. ஒரு வாரம் காவல். பிறகு பழைய பகை, புதிய வேகத்தோடு! கதவைச் சாத்தியாகிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று பெருமூச்சு விடுகிறோம். உள்ளே இருப்பது அழுகுகிறதா, குமுறுகிறதா என்று பார்ப்பவர் இல்லை. அடிபட்டவன் என்ன ஆனான் என்று கேட்பவரும் இல்லை.

நாங்குநேரியை மறந்திருக்கமாட்டீர்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு. பன்னிரண்டாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் வீட்டிலே இருக்கிறான். அரிவாளோடு நுழைகிறார்கள், அவன் பள்ளியிலேயே படித்த மாணவர்கள்! தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. ஏன்? பள்ளியிலே தன்னைச் சாதியின் பெயரால் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று அவன் சொல்லிவிட்டான், அதுதான் குற்றம். முதலிலே சொல்லவில்லை, பள்ளிக்குப் போவதையே நிறுத்திப் பார்த்தான். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், சொன்னான், எழுத்திலும் புகார் சென்றது. காகிதம் பள்ளியிலே பத்திரமாக இருந்தது, பிள்ளைக்குத்தான் பாதுகாப்பில்லை!

வழக்குப் பதிவாயிற்று, பிடிக்கவேண்டியவர்களைப் பிடித்தார்கள். சரி. ஆனால் எண்ணிப் பாருங்கள். வெட்டுப்பட்ட குடும்பந்தான் ஊரைவிட்டுப் பெயர்ந்து திருநெல்வேலி சேர்ந்தது. அந்த மாணவன் காயம் ஆறி, தேர்வெழுதி, 2024இல் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அது அவனுடைய உறுதிக்குக் கிடைத்த வெற்றி. நம்முடைய ஏற்பாட்டுக்குக் கிடைத்த வெற்றியல்ல. அவனோடு ஒரே வகுப்பிலே உட்கார்ந்திருந்தார்களே மற்றப் பிள்ளைகள், கொடுமையைக் கண்டும் வாய்மூடி இருந்தவர்கள், சிரித்தவர்கள், அஞ்சியவர்கள் — அவர்களை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? எந்தச் சட்டப்பிரிவு அவர்கள் மனத்திலே கைவைக்கும்? நீதிமன்றத்தின் வேலை, குற்றவாளி யார் என்று கண்டு தண்டிப்பது. அதற்குமேல் உள்ள வேலை யாருடையது?

அந்தக் கேள்விக்கு விடைதேடத்தான் நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையிலே ஒருநபர் குழுவை அன்றைய தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களிலே ஒட்டியுள்ள சாதி அடையாளத்தை நீக்குக. வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்குக. மாணவரை அகர வரிசையிலே அமர்த்துக. வருகைப் பதிவேட்டிலே சாதி தெரியும் குறிப்பு எதுவும் வேண்டாம். அறநெறிக்கென வகுப்பு வேண்டும். சமூகநீதி மாணவர் படை வேண்டும் — இவ்வாறு பல பரிந்துரைகள். சனாதனிகள் துடித்தார்கள், அவர்கள் துடித்ததே, மருந்து சரியான இடத்திலே பட்டது என்பதற்குச் சான்று. அந்தப் பரிந்துரைகளுக்காக வாதாட வேண்டியது நம் கடமை. எனினும் ஒன்று சொல்வேன். கயிற்றை அறுத்துவிடலாம், உத்தரவு போதும். கயிறு கட்டிய மனத்தை எப்படி அவிழ்ப்பது? கயிற்றால் காயப்பட்ட மனத்தை எப்படி ஆற்றுவது? அதற்கு உத்தரவு போதாது. ஒரு முறை வேண்டும்.

தண்டனையே நீதி என்று நம்புவோர் மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்காட்டுவர். திருவாரூரிலே தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது. பசு மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலிலிட்டான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே சிலையாகவும் நிற்கிறான். ஆனால் கதை அங்கே முடிந்ததா? இல்லை! இறைவன் தோன்றிக் கன்றையும் உயிர்ப்பித்தான், மகனையும் உயிர்ப்பித்தான் என்று முடிக்க வேண்டியிருந்தது. ஏன்? மகன் செத்ததால் கன்று எழாது. பசுவின் கண்ணீர் நிற்காது. இது கதை சொன்னவருக்கே தெரிந்திருந்தது! இழந்தது மீளவேண்டும் என்று மக்கள் நெஞ்சம் கேட்டது. மீட்கும் வழி மனிதரிடம் இல்லாததால் கடவுளை வரவழைத்தார். பகுத்தறிவுவாதிகளாகிய நாம் கடவுள் வருவார் என்று காத்திருக்க முடியாது. மீட்கும் வேலையை மனிதரேதான் செய்தாக வேண்டும்.

இந்த வேலைக்குத்தான் அறிஞர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் — சீரமைப்பு நீதி. பெயர் புதிது, பொருள் எளிது. வழக்கமான நீதி மூன்று கேள்விகளைக் கேட்கிறது: எந்தச் சட்டம் மீறப்பட்டது? மீறியவர் யார்? அவருக்கு என்ன தண்டனை? சீரமைப்பு நீதி வேறு மூன்றைக் கேட்கிறது: துன்பப்பட்டவர் யார்? அவருக்கு என்ன தேவை? அந்தத் தேவையை நிறைவேற்றும் கடமை யாருடையது? முன்னதிலே, அடிபட்டவர் வெறும் சாட்சி. கூண்டிலே ஏறி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கவேண்டியவர். பின்னதிலே, அவரே நடுநாயகம். முன்னதிலே, அடித்தவன் வக்கீலுக்குப் பின்னே ஒளிந்து "நான் செய்யவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறான். பின்னதிலே, "நான் செய்தேன்" என்று அடிபட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். சொன்னால் போதாது, சேதத்தைச் சரிசெய்யவும் வேண்டும்.

இது எங்கே நடந்தது என்பீர்கள். 1974ஆம் ஆண்டு, கனடா நாட்டிலே எல்மைரா என்னும் சிற்றூர். குடித்துவிட்டு இரண்டு இளைஞர்கள் ஓரிரவில் 22 இடங்களிலே கண்ணாடிகளை உடைத்தார்கள், கார்களைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் சேதப்படுத்திய வீட்டுக்காரர்களை இவர்களே நேரிலே சென்று பார்க்கட்டும். நீதிபதி இசைந்தார். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார்கள். "உங்கள் வீட்டை உடைத்தவர்கள் நாங்கள்" என்றார்கள். எவ்வளவு நட்டம் என்று கேட்டறிந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிறைக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைவிட, அந்தக் கதவுகளைத் தட்டுவது எளிதான தண்டனையா? உங்கள் நெஞ்சையே கேட்டுப் பாருங்கள்!

1989இல் நியூசிலாந்து இதனைச் சட்டமாகவே ஆக்கியது. அந்த மண்ணின் மக்களாகிய மாவோரிகள், "எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து பிரித்துச் சிறுவர் இல்லங்களிலே அடைக்கிறீர்கள், எங்கள் குடும்பத்தாரைக் கலக்காமல் எங்கள் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிறீர்கள்" என்று குரல் எழுப்பினர். அதன் பயனாக, கொலை போன்றவை நீங்கலாக, இளஞ்சிறார் குற்றங்களிலே குடும்பத்தாரும், துன்பப்பட்டவரும், காவல்துறையும் ஒன்றாக அமர்ந்து முடிவு காணும் முறை பிறந்தது. அடக்கப்பட்ட இனம் போராடிப் பெற்ற முறை அது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இறங்கிய உபதேசமல்ல. 1994இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலே, பள்ளி விழா ஒன்றிலே நடந்த தாக்குதலுக்குப் பிறகு, அதே முறை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்து பல நாடுகளின் பள்ளிகளுக்குப் பரவியது.

நம் மண்ணுக்கும் இந்த எண்ணம் அந்நியமல்ல. திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சின்னாளப்பட்டியை அடுத்து, 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். அங்கே சாந்தி சேனை என்று மாணவர் அணி அமைத்தார்கள். கலவரம் மூளும் இடத்திலே தடியின்றி நிற்கும் படை என்பது அதன் கருத்து. காந்தியாரோடு நமக்குக் கொள்கை மாறுபாடு உண்டு. வருணாசிரமம் பற்றி நம் இயக்கம் அவரோடு நடத்திய வாதம் நாடறியும். ஆனால் பகைமூண்ட இடத்திலே இளைஞனை நடுவே நிறுத்திப் பழக்கவேண்டும் என்ற எண்ணத்தை, யார் சொன்னார் என்று பாராமல், என்ன சொன்னார் என்று பார்த்து எடுத்துக்கொள்வதிலே தவறில்லை.

இந்த இடத்திலே உங்களிலே பலர் புருவத்தை நெரிப்பது எனக்குத் தெரிகிறது. "இதென்ன, ஆலமரத்தடிப் பஞ்சாயத்தையே வேறு பெயரிலே கொண்டுவருகிறீரோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கிராமங்களிலே 'பேசி முடிப்பது' என்றால் என்ன பொருள்? வலுத்தவன் திண்ணையிலே உட்கார்வான். இளைத்தவன் கைகட்டி நிற்பான். "சின்னப் பையன் தெரியாமல் செய்துவிட்டான், நீ பெரிய மனது பண்ணு" என்று அடிபட்டவனுக்கே அறிவுரை! நூறு ரூபாய் அபராதம், ஒரு வணக்கம், வழக்கைத் திரும்பப் பெறு, இல்லையேல் ஊரிலே வேலை கிடையாது, கடையிலே சாமான் கிடையாது! இதற்குப் பெயர் சீரமைப்பு அல்ல, சரணாகதி. கட்டப்பஞ்சாயத்தை எதிர்த்துப் போராடிய இயக்கம் நம்முடையது. அதனைப் பின்வாசல் வழியே உள்ளே விட நான் எழுதவில்லை.

பேச்சு என்ற பெயரிலே என்ன நேரும் என்பதற்கு வரலாறு சாட்சி கூறுகிறது. 1957, முதுகுளத்தூர். சாதிக் கலவரம் மூண்ட வேளை. செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் அமைதிக் கூட்டம் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பிலே இளைஞர் இம்மானுவேல் சேகரன் சென்றார், சரிநிகராக அமர்ந்தார், பேசினார். மறுநாள், 11ஆம் நாள் இரவு, பரமக்குடியிலே படுகொலை செய்யப்பட்டார். நாற்காலி போட்டார்கள், நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகும் வழிக்குக் காவல் போடவில்லை! 1957இலே அது, 2023இலே நாங்குநேரி. 66 ஆண்டுகள் கழிந்தும் பாடம் ஒன்றே: பேசச் சொல்வதற்கு முன், பேசுகிறவனின் உயிருக்குப் பொறுப்பேற்றுக்கொள்.

இன்னொரு சாட்சியும் உண்டு, அண்டை மாவட்டமாம் மதுரையிலே, எழுமலைக்கு அருகே உள்ள உத்தப்புரத்திலே. 1989 கலவரத்தை அடுத்து எழுப்பிய சுவர், சுமார் 600 மீட்டர் நீளம், ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவை ஊரிலிருந்து பிரித்து நின்றது. 2008இலே அதன்மீது மின்கம்பி ஓடுவது வெளியுலகுக்குத் தெரிந்தது. இடதுசாரித் தோழர்களும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் களத்திலே இறங்கினர். செய்தி நாடெங்கும் பரவிற்று. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, அந்த ஆண்டு மே 6ஆம் நாள், சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்தது, பாதை பிறந்தது. ஆனால் பாதை பிறந்ததும் பகை மாண்டதா? மறுதரப்பினர் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்திலே தங்கினர். நவம்பரிலே மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஓர் உயிர்ப்பலி. சுவரை இடிக்க ஒரு பகல் போதும். சுவர் நின்ற இடத்திலே நம்பிக்கையை நட ஆண்டுகள் ஆகும்!

மூன்றாண்டுக்குப் பின், 2011 அக்டோபரில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் முன்னிலையில் இருதரப்பாரும் ஓர் உடன்பாட்டிலே கையெழுத்திட்டனர். கோவிலிலே வழிபாட்டு உரிமை, நிழற்குடை அமைப்பதற்கு ஒத்துழைப்பு, பரஸ்பர வழக்குகளுக்கு முடிவு. நவம்பர் 10ஆம் நாள், இருபதாண்டுத் தடையைத் தாண்டி, ஒடுக்கப்பட்ட மக்கள் முத்தாலம்மன் கோவிலுக்குள் சென்றனர்; மறுதரப்பார் வரவேற்றனர். கோவிலுக்குள் உள்ளது கல்லா கடவுளா என்ற வாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்; அன்று உள்ளே நுழைந்தது சுயமரியாதை. அப்போது ஆட்சியிலே இருந்தது யார் என்று கணக்குப் பார்த்துப் பாராட்டைக் குறைக்கவேண்டியதில்லை. பின்வந்த ஆண்டுகளிலே அங்கே மீண்டும் உரசல்கள் எழாமல் இல்லை. ஒருமுறை கையெழுத்திட்டால் ஊழிக்கும் போதும் என்று எண்ணுவோருக்கு அதுவும் ஒரு பாடம்.

உத்தப்புரம் என்ன கற்பிக்கிறது? உடன்பாடு முதலிலே வரவில்லை, கடைசியிலே வந்தது. போராட்டம் வந்தது, சட்டம் வந்தது, சுவர் விழுந்தது, அதன்பிறகே மேசை வந்தது. 'வழக்கைக் கைவிட்டால்தான் பேச்சு' என்று வாசற்படியிலே நிபந்தனை போட்டிருந்தால் அது சரணாகதி. உரிமையை நிலைநாட்டியபின், சமமாக அமர்ந்து, தாமே இசைந்து முடித்தார்கள். ஆகவே அது உடன்பாடு. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலாளிக்கும், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளிக்கும் இதனை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. சங்கம் இல்லாமல் முதலாளியின் அறைக்குள் தனியே நுழைபவன் கெஞ்சுகிறான். சங்கத்தோடு நுழைபவன் பேசுகிறான். மேசை ஒன்றே, நாற்காலியும் ஒன்றே. வேறுபாடு, பின்னாலே நிற்பது யார் என்பதிலே!

உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், ஈடு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஏமாற்றே. தென்னாப்பிரிக்காவிலே நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1995 சட்டத்தின்படி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமை தாங்கினார். கொன்றவர்கள் வாய்திறந்தார்கள், தாய்மார்கள் கேட்டழுதார்கள், உலகமே வியந்தது. ஒப்புக்கொண்ட கொலையாளிக்கு மன்னிப்பு விரைவிலே கிடைத்தது. இழந்தவருக்கோ, 2003ஆம் ஆண்டிலேதான், ஒருமுறைத் தொகையாக 30,000 ராண்ட் என்று அறிவித்தார்கள். ஆணையம் பரிந்துரைத்ததிலும் குறைவு. மன்னிப்புக்கு வேகம், ஈட்டுக்கு ஆமை நடை! இந்தத் தவறு நமக்கு வேண்டாம்.

எனவே எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்வோம். அரிவாள் எடுத்த இடத்திலே, பாலியல் கொடுமை நடந்த இடத்திலே, வன்கொடுமைச் சட்டம் பாயவேண்டிய இடத்திலே, முதலிலே சட்டம். 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலே, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிப்பது அரசின் கடமை என்று 15ஏ பிரிவு கூறுகிறது. அதனைக் கேட்டு வாங்குவது நம் வேலை. சீரமைப்பு, வழக்குக்குப் பதிலாக அல்ல. வழக்கு தொடமுடியாத இடத்தைத் தொடுவதற்காக. குற்றஞ்செய்தவன் சிறுவனாயின், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமே வழிவகுத்திருக்கிறது: ஆலோசனை, சமூகப்பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு, குடும்பத்தோடு மீண்டும் சேர்த்தல் — இவையெல்லாம் அதிலே உண்டு. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது, அடிக்கவும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிரம்புக்கும் சட்டமில்லை, டி.சி.க்கும் சட்டமில்லை. அப்படியானால் ஆசிரியர் கையிலே வேறென்ன கொடுத்தோம்? வெறுங்கையோடு நிற்கிறார் அவர்!

அந்தக் கையிலே கொடுக்கவேண்டியது இதுதான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், நடந்ததல்ல, நடக்கக்கூடியது. வேடசந்தூர்ச் சாலையிலே ஓர் அரசுப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு. ஒருவனை ஐந்துபேர் சேர்ந்து நாள்தோறும் அவன் தெருவின் பெயரைச் சொல்லி இளிக்கிறார்கள், புத்தகத்தைக் கிழிக்கிறார்கள், சைக்கிள் டயரைக் குத்துகிறார்கள். தெரியவந்ததும் ஆசிரியர் என்ன செய்யவேண்டும்? முதலிலே அந்தப் பையனையும் அவன் பெற்றோரையும் தனியே சந்திக்கவேண்டும். புகார் எழுத்திலே பதிவாகவேண்டும்; வழிநெடுகப் பாதுகாப்புக்கு ஏற்பாடு வேண்டும். "நீ அவர்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறாயா?" என்று கேட்கவேண்டும். இல்லை என்றால், இல்லைதான். அவனை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. ஐந்துபேரையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, செய்ததை ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்க்கவேண்டும். மறுப்பவனுக்கு அந்த வட்டத்திலே இடமில்லை.

இசைந்தால், வட்டமாக உட்காரலாம். மேசையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். அவன் பக்கத்திலே அவன் அம்மா. அவர்கள் பக்கத்திலே அவர்கள் வீட்டுப் பெரியவர்கள். வகுப்புத் தோழர் இருவர். இருதரப்புக்கும் வேண்டாதவராக இல்லாத ஆசிரியர் ஒருவர். கேள்விகள் எளியவை. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? இதனால் யாருக்கு என்ன நேர்ந்தது? சரிசெய்ய என்ன செய்யப்போகிறாய்? அந்தத் தாய் சொல்வாள்: "ஒரு மாசமா இவன் ராத்திரி தூங்கலைங்க. புத்தகம் வாங்கின கடன இன்னும் நான் அடைக்கலை." எந்த நீதிநூலும் சொல்லமுடியாததை அந்த இரண்டு வாக்கியம் சொல்லிவிடும். அதைக் கேட்டுத் தலைகுனியும் பையனை நான் கெட்டவன் என்று சொல்லமாட்டேன், கெடுக்கப்பட்டவன் என்பேன். புத்தகத்துக்குப் பணம், டயருக்குப் பணம், வகுப்பு முன்னிலையிலே ஒப்புதல், ஆறுமாதம் கண்காணிப்பு, இரண்டுவாரத்துக்கு ஒருமுறை மறுபார்வை — எல்லாம் எழுத்திலே. மீறினால் சட்டம் காத்திருக்கிறது.

"பாடம் நடத்தவே நேரமில்லை; தேர்ச்சி விகிதம் கேட்கிறார்கள்; இதற்கெல்லாம் எங்கே போவது?" என்று ஆசிரியர் கேட்பார். அவர் கேட்பதும் பொய்யல்ல. ஆகவேதான் பயிற்சியும், நேரமும், மனநல ஆலோசகரும் தரவேண்டும் என்று அரசைக் கேட்கவேண்டியது நாம். ஆனால் ஒரு கணக்கும் போடுவோம். ஒரு மோதல் முற்றிப் போலீஸ், மறியல், விடுமுறை, மாவட்ட ஆட்சியர் வருகை என்று போனால், எத்தனை நாள் பாடம் போகிறது? வட்டமிட்டு உட்காரும் இரண்டு மணி நேரம் அதனினும் பெரிதோ?

தோழர்களே! இனி உங்களைப் பற்றிப் பேசவேண்டும். அரசுப் பள்ளிகளிலே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அதிலே உங்கள் வீட்டாரும் இருப்பார்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நிற்கவேண்டாம். புகார் வந்தால் யார் வாங்குவது, எத்தனை நாளிலே நடவடிக்கை, புகார் தந்த பிள்ளையை யார் வீடுவரை பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பள்ளிச் சுவரிலே இருக்கிறதா என்று பாருங்கள். ஆதிக்கசாதியார் மட்டுமே வட்டத்தின் நடுவராக அமரும் ஏற்பாட்டை எதிர்த்து நில்லுங்கள். அடிபட்டவர் பக்கத்திலே நாற்காலி போட்டு உட்காருங்கள். அதுதான் இயக்கத்தின் இடம்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். கையிலே கயிறு கட்டியவன் மாணவன். அந்தக் கயிற்றை வாங்கிக்கொடுத்தவன் யார்? பேருந்து நிலையத்திலே சாதித் தலைவருக்குப் பிறந்தநாள் பதாகை வைத்து, அதன் மூலையிலே தன் படத்தையும் போட்டுக்கொண்டவன் யார்? தேர்தல் வந்தால், "அந்தத் தெருவிலே யாரை நிறுத்தினால் எந்தச் சாதி ஓட்டு விழும்" என்று விரல்விட்டு எண்ணுகிறவன் யார்? எல்லாரும் எதிர்க்கட்சியார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா நம்மால்? மேடையிலே பெரியார், அம்பேத்கர். வீட்டுத் திருமணத்திலே சாதிச் சங்கத் தலைவர் முன்வரிசை! பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பதைவிடக் கண்ணாலே கற்பது அதிகம். 1998இலே மதுரை மாவட்டம் மேலக்கோட்டையிலே கலைஞர் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தார். பல சாதியாரும் அடுத்தடுத்த வீட்டிலே குடியேறினர். அரசு வீட்டை அடுத்தடுத்துக் கட்டித்தரும். மனத்தை அடுத்தடுத்து வைப்பது நம் வேலை. வட்டத்திலே முதலில் உட்காரவேண்டியவன் மாணவன் அல்ல, நாம்தான் என்று சிலவேளை எனக்குத் தோன்றுகிறது.

தண்டனையை ஒழித்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. பூட்டு வேண்டியதுதான், அரிவாள் ஏந்திய கைக்குப் பூட்டு வேண்டும், சுவர் எழுப்பும் ஆணவத்துக்குப் பூட்டு வேண்டும். ஆனால் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறவன் காவல்காரன் ஆகலாம். சமுதாயத்தை மாற்றப் புறப்பட்டவன் ஆகமாட்டான். அடிபட்டவனின் அச்சம் தீர்ந்து அவன் தன் ஊரிலேயே, தன் வகுப்பிலேயே, நிமிர்ந்து உட்காரும் நாள்வரை நீதி முடிந்ததாகாது. அடித்தவன் தன் தவற்றைத் தன் வாயாலேயே சொல்லி, அதற்கு ஈடும் செய்து, வேறு மனிதனாகத் தெருவிலே நடக்கும் நாள்வரை தண்டனை பயன்பட்டதாகாது.

அடுத்த மாதம் உங்கள் ஊர்ப் பள்ளியிலே மேலாண்மைக் குழு கூடும். அன்று வேலை இருக்கிறது, பயணம் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். செல்லுங்கள், கேளுங்கள், அடிபட்ட பிள்ளையின் பக்கத்திலே அமருங்கள். பூட்டுச் செய்யத் தெரிந்த ஊர் இது, சாவியும் செய்வோம்!